டிக்கி ஓரத்துத் துரு

பழைய காரின் டிக்கி ஓரக் குரோம் பட்டையை மெக்கானிக் எவ்வளவு தேய்த்தாலும் துரு விட்டபாடில்லை. ஈரமான அலுமினியத் தாளால் தேய்த்தால் பளபளக்கும். விடிந்தால் அதே இடத்தில் விரல் பதிந்ததுபோல் நான்கு துருத்தடங்கள்.

“வேர்வைக் கையோட தொட்டிருப்பீங்க,” என்றாள் மனைவி.

“கையுறை போட்டுக்கிட்டுத்தானே தேய்க்கிறேன்!”

அவள் குனிந்து பார்த்தாள். “ஏங்க, விரல் நுனியெல்லாம் நம்ம பக்கம் இருக்கு. உள்ள இருந்து இடுக்கு வழியா நீட்டினாத்தான் இப்படிப் பதியும்.”

அவன் பூட்டைப் பார்த்தான். துருப்பிடித்து இறுகிய டிக்கிப் பூட்டை, கார் வாங்கிய நாளிலிருந்து திறக்கவே முடியவில்லை. இன்று காலைதான் சாவித்துளையில் எண்ணெய் விட்டிருந்தான்.

பட்டைமேல் வைத்திருந்த அலுமினியத் தாள் மெல்ல நகர்ந்து இடுக்குக்குள் போனது.

உள்ளே யாரோ பூட்டைத் தேய்க்கத் தொடங்கினார்கள், பொறுமையாக.