துணி காயும் டாங்கி

எரிந்துபோன டாங்கியின் பீரங்கிக் குழாயில் கயிறு கட்டி யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் ஜெனரலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மேடம், இந்தக் கூத்தைப் பாருங்க! டாங்கியில போர்வை காயுது!"

ஜெனரல் எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை. பலூன் வெடித்தால் காதைப் பொத்திக்கொள்கிற ஆள். காலமெல்லாம் குட்டி டாங்கிகளுக்குச் சேறும் துருவும் பூசிப் பூசி, மாதிரி செய்வோர் சங்கத்தில் இந்தப் பட்டத்தைச் சம்பாதித்திருந்தார். சங்கத்தார் அதைக் கேலிக்குத்தான் வைத்தார்கள் என்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது.

போர்க் காட்சியகத்துக்குக் குட்டிப் போர்க்களங்கள் செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆளைத் தேர்ந்தெடுக்கக் காட்சியகத்தின் இயக்குநர் அம்மாளும் ஜெனரலும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்.

வேலையோடு வீடும் தருகிறார்கள். அந்த வீடு கிடைத்தால்தான், சண்டை நடக்கும் ஊரில் மாட்டிக்கொண்டிருக்கும் தன் வீட்டாரை அவள் இங்கே அழைத்து வர முடியும்.

விண்ணப்பத்தோடு இரண்டு படங்கள் கேட்டிருந்தார்கள். நிஜ இடத்தின் படம் ஒன்று, அதைப் பார்த்துச் செய்த மாதிரியின் படம் ஒன்று. ஜெனரல் இரண்டையும் உறையிலிருந்து உருவி மேசைமேல் போட்டு, போர்வைப் படத்தை முதலில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, துருன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? இது என்ன ஆரஞ்சு கலர்ல? டப்பாவைத் திறந்து அப்படியே கொட்டிட்டியா?"

"சார், அது வந்து..."

"நான் முடிச்சிடறேன்மா. சக்கரத்துல ரப்பரைக் காணோம். ஒட்ட மறந்தாச்சு. பல்லு கட்டற கை, வேற எப்படி இருக்கும்?"

அடுத்து அவர் விரல், டாங்கிக்குப் பக்கத்தில் வாளியோடு நிற்கிற பெண்மேல் போய் நின்றது.

"இந்தப் பொம்மை இருக்கே, இதுதான் உச்சம்! முகத்துல ஒரு பயம் வேண்டாமா, ஒரு அழுகை வேண்டாமா? குண்டு விழற இடத்துல எவளாவது இப்படிப் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பாளா? பத்தாததுக்கு உன் தலையோட நிழல் வேற அது காலடியில விழுந்திருக்கு. ஒழுங்கா ஒரு படம் எடுக்கக்கூட வரலை."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. இயக்குநர் அம்மாள் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். இப்படிப்பட்ட ஆளிடம் வாயைக் கொடுத்தாலும் வேலை போச்சு, கொடுக்காவிட்டாலும் போச்சு.

ஜெனரல் அடுத்த படத்தை எடுத்தார். அதே தெரு, அதே டாங்கி. ஆளும் இல்லை, போர்வையும் இல்லை.

"நிஜம்னா இது மேடம்!" குரலே குழைந்துவிட்டது. "சேறு காஞ்சு வெடிச்சிருக்கறதைப் பாருங்க. சுவத்துல கரி ஏறியிருக்கறதைப் பாருங்க. தொட்டா விரல்ல ஒட்டும் போல இருக்கு. நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன், இந்தத் தூசி எனக்கே வரலை."

இயக்குநர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "இதுலயும் ஆரஞ்சுதானே சார்? ரப்பரும் இல்லையே?"

"அது எரிஞ்சுபோச்சு மேடம். இது அசல் துரு, அதோட ஆழமே வேற. பழகின கண்ணுக்குத்தான் தெரியும்." ஜெனரலுக்கு அசடு வழியவே இல்லை. "இந்தப் பொண்ணு என்ன பண்ணியிருக்கு? ஆளே இல்லாத தெருவுல ஒரு பொம்மையையும் போர்வையையும் தானா சொருகியிருக்கு. பாக்கறவங்க உருகிடுவாங்கன்னு ஒரு நப்பாசை."

"அப்போ இவங்க வேண்டாம்ங்கறீங்க?"

"இந்த ரெண்டாவது படத்துல இருக்கறதுல பாதியைச் செஞ்சு காட்டட்டும் மேடம். இப்பவே வேலையைக் கொடுத்துடுங்க. நானே வந்து இவளுக்குப் பிரஷ் கழுவறேன்!" சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பெண் கையை நீட்டி அந்த இரண்டாவது படத்தை வாங்கிக்கொண்டாள்.

"இதுதான் சார் நான் செஞ்சது. போர்வை காயறதுதான் நிஜத் தெரு. எங்க சாப்பாட்டு மேசைமேல இருக்கு. எப்ப வேணும்னாலும் வந்து தொட்டுப் பாருங்க."

ஜெனரலின் சிரிப்பு பாதியில் நின்றது, வாய் மட்டும் மூடவில்லை.

"வேலை உங்களுக்குத்தாம்மா, வீட்டுச் சாவியும் வாங்கிட்டுப் போங்க" என்றார் இயக்குநர் அம்மாள். பிறகு பக்கத்தில் திரும்பி, "சார், பிரஷ் எல்லாம் பின்னாடி ரூம்ல இருக்கு" என்றார்.

ஜெனரல் தன் பையைத் தேடத் தொடங்கினார். அது அவர் மடியிலேயே இருந்தது.

இயக்குநர் அம்மாள் முதல் படத்தைத் தன் பக்கம் இழுத்து, வாளியோடு சிரித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். தெருவுல ஒரு கல்லுகூட விடாம செஞ்சிருக்கீங்க. இவங்களை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

அவள் படத்தை வாங்கி, உறைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"அது எங்க அம்மா மேடம். பொம்மையாக்கூட அவங்களை அங்க நிக்க வைக்க மனசு வரல."