டைகர் ஏன் மாறினான்?

பீட்டர் தண்ணீரில் கையை வீசிக்கொண்டிருந்தான். படகில் நின்ற என் கையில் கயிறு இருந்தது.

அந்தமான் வண்டூர் படகுத்துறை ஜெட்டியில் நின்று விஜியக்கா செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் யூடியூப் தொடரின் கடைசிக் காட்சி. ஆறு எபிசோடாக ஹீரோவைக் கொல்லத் துடித்த வில்லன் டைகர், இதில் அவனைக் காப்பாற்றுகிறான். பீட்டர்தான் ஹீரோ. டைகர் நான்.

ஏன் காப்பாற்றுகிறான்? அதைத்தான் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நானே ஒரு பக்கத்துக்கு வசனம் எழுதிக் கொண்டுபோனேன். அம்மா, சத்தியம், கண்ணீர், எல்லாம் அதில் இருந்தது.

விஜியக்கா அதை நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"அரே ஜஸ்டின், எல்லாத்தையும் வாயால சொல்லிட்டா பாக்குறவனுக்கு என்னடா வேலை? நீ நின்னு பாரு. அப்புறம் கயித்தப் போடு. அவ்ளோதான்."

உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கதையெல்லாம் முக்கியமில்லை. அந்த வசனத்தைப் பேசினால் சோனியா என்னையும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

சோனியா ஹீரோயின். மூன்று மாதமாக ஷூட்டிங்குக்கு வறுத்த மீன் கொண்டுவருகிறாள். எல்லோருக்கும் தட்டில் போடுவாள். பீட்டருக்கு மட்டும் முள் எடுத்துக் கொடுப்பாள். கடலுக்குப் போகிறவன் மகனுக்கு மீனில் முள் எடுக்கத் தெரியாதாம்!

பார்க்கும்போதெல்லாம் வயிறு பற்றி எரியும். ஒரே பள்ளிக்கூடம், சர்ச்சில் ஒரே ஞானோபதேச வகுப்பு, ஒரே தெரு. இவனிடம் அப்படி என்னதான் இருக்கிறது?

இன்று அவன் போட்டிருந்த லெதர் ஜாக்கெட்கூட என்னுடையது. மாமா மெயின்லேண்டிலிருந்து எனக்கென்று வாங்கி வந்தது. காலையில் அதை மாட்டிக்கொண்டு கெத்தாக வந்தேன். சோனியாதான் கழற்றச் சொன்னாள். பீட்டருக்குத்தான் அது எடுப்பாக இருக்குமாம்.

கழற்றிக் கொடுத்தேன். ஜிப்பை அவளே இழுத்துவிட்டாள்.

சொன்னபடிதான் காட்சி தொடங்கியது. பீட்டர் படகிலிருந்து விழுந்தான். முங்கினான், எழுந்தான், கத்தினான். கடல் வற்றுகிற நேரம், நீரோட்டம் வெளியே இழுத்தது. பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் படகு எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்ததால் ஜெட்டியில் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. எப்படியும் குரலைப் பிறகு வீட்டில் வைத்துத்தான் சேர்ப்போம்.

நான் நின்று பார்த்தேன்.

ஜெட்டியில் சோனியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவனுக்காக. நடிப்புக்குக்கூட எனக்காக அவள் அப்படி நின்றதில்லை.

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றினேன்.

பீட்டர் மறுபடி முங்கினான். இந்தத் தடவை மேலே வர நேரமானது.

கயிற்றைப் போட்டேன்.

அவனைப் படகில் இழுத்துப் போட்டுக் கரைக்கு வந்ததும் விஜியக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அந்த மூஞ்சிடா! கொல்லலாமா விடலாமான்னு நின்ன பாரு, இனி எவனாவது ஏன் மாறினான்னு கேப்பானா?"

எல்லோரும் கைதட்டினார்கள். சோனியா முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று மாதம் அதற்காகத்தான் ஏங்கினேன். இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பீட்டர் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான். ஜாக்கெட்டின் ஜிப் சிக்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இழுத்துக் கழற்றிவிட்டேன். தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்தது.

அவன் என்னைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டான்.

"நான் டைகர்னு கூப்பிடலையேடா. ஜஸ்டின்னுதானே கூப்பிட்டேன்?"

தலையாட்டினேன். நன்றாகவே கேட்டது. மூன்று தடவை.

"அப்புறம் ஏன்டா கயித்தப் போட்ட?"

சட்டைப் பையில் மடித்துக் கிடந்த என் ஒரு பக்க வசனத்தை எடுத்துக் கசக்கிக் கடலில் போட்டேன்.