முதலாளி அனுப்பிய வக்கீல்

"வந்துட்டான் பாரு கறுப்புக் கோட்டு! அதுவும் யாரு கார்ல? சுடலைராஜ் கார்ல!"

கன்னியம்மாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? தம்பி ஜெயவேல் உள்ளே போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது.

ஜெயவேல் லாரி டிரைவர். திருவொற்றியூரில் முதலாளி சுடலைராஜின் யார்டிலிருந்து டைல்ஸ் என்று எழுதிய கன்டெய்னரைத் துறைமுகத்துக்கு ஓட்டிப் போனான். அங்கே திறந்து பார்த்தால் உள்ளே செம்மரக் கட்டை! "வழியில டிரைவர்தான் கன்டெய்னர் சீலை உடைச்சு ஏத்தியிருக்கான்" என்று சுடலைராஜ் கையைக் காட்டிவிட்டார்.

உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். யார்டு கேட்டில் சீல் நம்பர் எழுதுகிற ரமாபாய். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் கன்னியம்மாவுக்கு எதிர் வீடு. லாரி கிளம்பும்போதே சீல் மாறியிருந்ததா இல்லையா, அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவளோ கன்னியம்மாவைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள். இன்றைக்கு டெல்லியிலிருந்து மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் விசாரிக்க வருகிறார்கள் என்றதும், முதலாளியே வக்கீல் வால்டரை அனுப்பிவிட்டார்.

"நல்லா வெலை போயிட்டா!" என்று முணுமுணுத்தபடி கன்னியம்மா தன் வாசலில் கீரை ஆய உட்கார்ந்தாள். கரண்ட் இல்லை. கதவைச் சாத்தினால் அந்த ஒற்றை அறையில் மனுஷன் வெந்துபோவான். அதனால் எதிர் வீட்டில் பேசுவதெல்லாம் இங்கே தெளிவாகக் கேட்டது.

பெண் அதிகாரி ஒருவரும் கூட ஓர் உதவியாளரும் வந்தார்கள்.

"ஆபீசுக்கு வரமாட்டேன்னு காலையில எழுதிக் கொடுத்தீங்களாமே?"

"பொம்பளைய வூட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும்னு சட்டம் கீதே மேடம்." ரமாபாய் விரல் விட்டு எண்ணியபடி அடுக்கினாள். "மொதல்ல ரெண்டு பேரும் கார்டைக் காட்டுங்க. இன்னா கேசு, நான் சாட்சியா குத்தவாளியா, அதைச் சொல்லுங்க. நான் சொல்றதை எழுதிக்குங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. அதுவும் சட்டத்துல கீது."

அதிகாரி அசந்துபோனார். பிறகு கார்டை எடுத்து நீட்டினார். "சரியாத்தான் சொல்றீங்க. இப்போதைக்கு நீங்க சாட்சி."

அடிப்பாவி! என்னமாய்ப் பாடம் பண்ணி வைத்திருக்கிறான் இந்த வக்கீல்! அடுத்து 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்பாள், ஜெயவேல் கதை முடிந்தது. கன்னியம்மாவுக்கு ஆத்திரத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

வால்டர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், நான் ரமாபாய் சார்பா..."

"இவரு என் வக்கீல் இல்ல மேடம்."

கன்னியம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

"இவரு என் மொதலாளியோட வக்கீலு. மொதலாளியப் பத்தி நான் பேச வேண்டி கீது. அதை இவரு குந்திகினு கேக்கக் கூடாது. சார், நீங்க வெளிய போங்க. எனக்கு வேற வக்கீலம்மா வர்றாங்க."

வால்டர் உடனே எழுந்தார். ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்தார். "இல்ல சார்... என்னை வேணாம்னுட்டாங்க சார்... அதுக்கு மேல சட்டப்படி நான் ஒண்ணும் பண்ண முடியாது சார்..."

"என்னவே சொல்லுதீரு? பொறவு எதுக்குவே அங்க போனீரு?" மறுமுனையில் சுடலைராஜ் கத்தியது வராண்டா முழுக்கக் கேட்டது.

"வேணும்டா உனக்கு! நல்லா வேணும்!" கன்னியம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நெட்டி முறித்தாள்.

அரைமணியில் இலவச சட்ட உதவி மையத்திலிருந்து ரூஹி என்ற வக்கீலம்மா வந்து ரமாபாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நல்லா யோசிச்சுக்குங்க. உண்மையைச் சொன்னா உங்களுக்கும் சிக்கல் வரலாம். வாயைத் திறக்காம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு" என்றாள்.

"தெரியும்மா. தொறக்கறதுக்கும் உரிமை கீதில்ல?"

பிறகு ரமாபாய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கன்டெய்னர் யார்டுக்கு வரும்போது ஒரு சீல். வெளியே போகும்போது வேறு சீல். "பழைய நம்பரையே எழுதுன்னு மொதலாளி சொன்னாரு. வேலை பூடுமேன்னு பயந்துகினு எழுதிட்டேன். ஜெயவேலு வர்றதுக்கு முந்தியே சீலு மாத்தியாச்சு மேடம். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

அதிகாரி எழுதி முடித்து எழுந்தார். "யார்டு கேமராவை இன்னிக்கே எடுக்கறோம். டிரைவர் விஷயத்தைக் கோர்ட்டுல சொல்லிடறோம்."

அவர்கள் தலை மறைந்ததுதான் தாமதம், கன்னியம்மா ஓடிவந்து ரமாபாயைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"உன்னை எப்டியெல்லாம் சபிச்சேன் தெரியுமாடி! இதை மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா என்னியும் உள்ள தள்ளிடுவாங்களோன்னு பயம்க்கா. யாராண்ட கேக்கறதுன்னே தெர்ல."

"இந்தச் சட்டமெல்லாம் ரூஹியம்மா சொல்லிக் குட்தாங்களா? அவங்க நல்லா இருக்கணும்!"

"அவங்க மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்கறேன். அவங்க நம்பரைக் குட்த்து, ஒவ்வொண்ணா சொல்லிக் குட்த்தவரு வால்டர் சாரு."

"எந்த வால்டரு? இப்போ தொரத்தினியே, அந்த ஆளா?"

"ஆமாக்கா. நேத்து சாயங்காலம் தனியா வந்தாரு. 'நான் வரலேன்னா மொதலாளி வேற வக்கீலை அனுப்பிடுவாரு. அதனால நாளைக்கு உன் வக்கீல்னு சொல்லிகினு வந்து குந்துவேன். மொதல் வேலையா என்னை வெளிய தொரத்திடும்மா'ன்னாரு."