எதிர்ச்சாரியிலிருந்து கோபுரம்

பினாங்கு ஓவியக்கூடத்தில் குணாளன் வரைந்த கோபுரத்தின் முன்னால்தான் கூட்டம். நீலக் கட்டங்களாய் உடைந்து, வானத்தையே அடைத்துக்கொண்டு எழுந்திருந்தது. அதன் காலடியில் கோயில் வாசல் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது.

“ஏன் சார் இவ்ளோ தூரத்துலேருந்து வரைஞ்சீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“அங்கேருந்துதான் எனக்கு நல்லா தெரியும் லா,” என்று சிரித்து மழுப்பினான்.

அவன் மனைவி புஷ்பலீலாவுக்கு அந்தத் தூரம் தெரியும். மகள் காய்ச்சலில் இறந்தபோது, தீட்டு என்று ஓராண்டு இருவரும் கோயில் படி ஏறவில்லை. எதிர்ச்சாரிக் காப்பிக்கடை வாசலில் நின்றே கும்பிட்டார்கள். ஆண்டு கழிந்ததும் அவள் தலைக்குக் குளித்துக் கிளம்பினாள். “நீ போய்ட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்,” என்றான் அவன். இத்தனை வருஷமாக எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அவள் வெளியே வரும்போது அவன் பார்வை அவள் முகத்தில் நிற்காது. பக்கத்தில் எங்கோ போகும். சாமி மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை என்றே அவள் நினைத்திருந்தாள்.

கூட்டம் விலகியதும் படத்தின் கிட்டே போய்ப் பார்த்தாள். அந்தக் குட்டி வாசலில், மஞ்சள் சேலையில் அவளே வெளியே வந்துகொண்டிருந்தாள். அவள் இடது கையைப் பிடித்தபடி பச்சைப் பாவாடையில் ஒரு பெண். நாலு வயதில் போனவள் அம்மாவின் தோளுக்கு வந்திருந்தாள்.

பின்னால் வந்து நின்ற குணாளன் மெதுவாகச் சொன்னான்: “இந்த வருஷந்தான் மளமளன்னு வளந்துட்டா.”