வராந்தாவில் நடந்தவர்

திண்டிவனத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பிரசவ வார்டு வராந்தாவில் ஒருவர் காலையிலிருந்து நடந்துகொண்டே இருந்தார். நர்ஸ் அமல்ராணிக்குச் சிரிப்பு வந்தது.

"நீங்க நடந்தா சீக்கிரம் பொறந்துடுமா? செத்த ஒக்காருங்க சார்."

"முடியலீங்க சிஸ்டர்." பெஞ்சில் உட்கார்ந்தவர் அடுத்த நொடியே எழுந்துவிட்டார்.

உள்ளே குழந்தை வீறிட்டது. அமல்ராணி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "ஆம்பளப் புள்ள! ஜல்தியா சக்கரை வாங்கிக்கினு வாங்க!"

"எம்புள்ளைக்கு ஏழு வயசுங்க" என்றார் அவர், நடந்தபடியே. "டாக்டரப் பாக்க வந்தேன். இந்த வராந்தாதான் நீளம், அதான் இங்க நடக்கறேன்."

"எதுக்கு சார் இப்படி நடந்துக்கினே இருக்கீங்க?" என்றாள் அவள்.

"மெட்ராஸ்ல மனநோய்க்கு மாத்திரை குடுத்தாங்க. காதுல கேட்டுக்கினு இருந்த குரலெல்லாம் நின்னுபோச்சி. இப்ப காலு நிக்க மாட்டேங்குது. மறுபடியும் பைத்தியம்னு ஊர்ல பேசறாங்க. மாத்திரைய வீசிடலாம்னு இருக்கேன்."

"ஐயோ, வீசாதீங்க!" அமல்ராணி அவரை நேரே டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"இது நோயில்ல, மருந்து பண்ற வேலை" என்ற டாக்டர், மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதினார். "நீங்களா நிறுத்தாதீங்க. பத்து நாள் கழிச்சி வாங்க."

பத்தாம் நாள் அவர் மனைவி அம்சா, கணவருக்கு முன்னால் வராந்தாவில் ஓடி வந்து அமல்ராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர்! நேத்து விழுப்புரத்துல என் தங்கச்சி கல்யாணம். பந்தியில ஒக்காந்தாருங்க! மோர் ஊத்தற வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல!"