இராகு காலத்து நரம்பணுக்கள்

கருவின் மூளையில் ஒரே தாயணு, வேளைக்கு ஒரு வகையாக நரம்பணுக்களை ஈன்றுகொண்டே போகும் என்றும், தவறிய வேளை மீளாது என்றும் மருத்துவர் வஹிதா விளக்கினார். தந்தையாகப் போகும் கனகசபை உடனே பஞ்சாங்கத்தைத் திறந்தான்.

"ராகு காலத்துல எதுவும் பிறக்கக் கூடாது டாக்டர். அப்ப மட்டும் நிறுத்தி வச்சிருங்க."

"வர்ற செவ்வாய்க்கிழமை மூணரைக்குப் பிறக்கறது, நேரம் போறதை உணர்ற அணு சார். அது இல்லாமலே போயிடும்."

"நேரம் பார்க்கத்தான் கடிகாரம் இருக்கே!"

கருவுற்றிருந்த மனைவி நிலாமதி வாய் திறக்குமுன் அவன் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டான்.

மகள் ஆதிரை நான்கு வயதிலேயே வாய்ப்பாடு முழுவதையும் ஒப்பித்தாள். இராகு காலத்தைத் தவிர்த்ததன் பயன் என்று கனகசபை உறவினரிடமெல்லாம் பெருமை பேசினான்.

அவ்வாண்டு நிலாமதி அலுவலகப் பயிற்சிக்காக ஐதராபாத் சென்றாள். மகளை அவள் பிரிந்திருந்தது அதுவே முதன்முறை. குழந்தை ஏங்கிப் போயிருக்குமே என்று பத்தாம் நாள் இரயில் நிலையத்திலிருந்து ஓடோடி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் இரு கைகளையும் விரித்து நின்றாள்.

ஆதிரை பொம்மையிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"என்னம்மா, நீ இன்னும் கிளம்பலையா?"