கடல் தெரிகிற வீடு

சபினோ மூன்றாவது தடவையாகக் கடலைக் காட்டினான்.

“பாத்தியாம்மா, அலை எப்படி எகிறுதுன்னு?”

பாஸ்குவாலா பார்க்கவில்லை. கடல் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. அவள்தான் சாயங்காலப் பேருந்தைப் பிடித்து அயகூச்சோ மலைக்குத் திரும்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள்தான் ஆடுகளைப் பார்த்துக்கொள்வாள். அதுவும் முனகிக்கொண்டே.

ராத்திரி முழுக்க மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி அவள் லிமாவுக்கு வந்தது கடல் பார்க்க இல்லை. மகனுடைய வீட்டைப் பார்க்க.

நல்ல இடம், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று போனில் அவ்வளவு பெருமையாகச் சொன்னவன், காலையிலிருந்து அவளைத் தன் டாக்ஸியின் பின்சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

பழைய நகரத்தில் மர பால்கனிகளை அண்ணாந்து பார்க்க வைத்தான். கமாராவின் துணிக்கடை நெரிசலில் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். சான் இசித்ரோவில் ஒலிவ மரங்களுக்கு நடுவே பணக்காரர்கள் நாய்க்குச் சட்டை போட்டு நடக்கக் கூட்டிப்போனார்கள். அதையும் காட்டினான்.

பாரங்கோ என்ற பகுதியில் ஒரு மரப்பாலம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தால் நினைத்தது நடக்குமாம். அவளும் நெஞ்சு வலிக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தாள்.

மறுகரையில் மூச்சை விட்டதுமே, “இப்ப வீட்டுக்குப் போலாமா?” என்றாள்.

“போலாம்மா. வழியில இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு.”

அந்த இன்னும் ஒன்றுதான் மறுபடியும் இந்தக் கடல்.

அவளுக்குப் பசி காதை அடைத்தது. மடியில் மூட்டை கனத்தது. வேகவைத்த சோளம், வீட்டுப் பாலாடைக்கட்டி, வாணலியில் முறுக வறுத்த கினிப்பன்றி. அவர்கள் பக்கத்தில் மகன் தனிக்குடி போனால் முதல் சாப்பாட்டை அந்த வீட்டுக்குள் வைத்துத் தாய் தன் கையால் பரிமாற வேண்டும். அதுவரை அது வீடில்லை, வெறுமனே ஒதுங்குகிற இடம்.

சபினோ வழியில் வறுத்த மீன் வாங்கித் தருகிறேன் என்றான். குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி வாங்கித் தருகிறேன் என்றான். தெருவில் நாய்தான் தின்னும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில், வீட்டில் எவளோ இருக்கிறாள், அதனால்தான் கூட்டிப்போகாமல் இழுத்தடிக்கிறான் என்று நினைத்தாள். இருக்கட்டுமே, அவளுக்கும் சேர்த்துத்தான் சோளம் கொண்டுவந்திருக்கிறாள்.

அப்புறம் ஒரு சிக்னலில் பக்கத்துக் கார்ப் பெண் அவளுடைய தொப்பியையும் இரட்டைச் சடையையும் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள். சபினோவும் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டான்.

அந்த நிமிஷம் பாஸ்குவாலாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“என் பாவாடையப் பாத்து வீட்டுக்காரங்க சிரிப்பாங்கன்னு பயப்படுறியா? வாயத் தொறந்து சொல்லிடு. தெரு முனையில நின்னு கூரையப் பாத்துட்டுப் போயிடறேன்.”

“அதெல்லாம் இல்லம்மா.”

“அப்ப வேற என்னடா?”

அவன் வண்டியைக் கிளப்பினான். லிமாவின் தூறல் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஓட்டினான். கை தன் போக்கில் இரண்டு தெரு திரும்பி, ஒரு சரிவின் விளிம்பில், மரத்தடியில் வண்டியை நிறுத்தியது. அங்கேயும் ஜன்னலுக்கு வெளியே அதே கடல்தான்.

பாஸ்குவாலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்றவளுக்கு ஒரு வாசற்படியைக் காட்ட மனமில்லாதவனுக்கு ஊர் முழுக்கக் காட்ட மனமிருக்கிறது.

யாரோ முன்கதவுக் கண்ணாடியைத் தட்டினார்கள். பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு அந்தத் தெருவின் காவலாளி. சபினோ கண்ணாடியை இறக்குவதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

“என்ன ஊர்க்காரரே, இன்னிக்கு வெளிச்சத்துலயே படுக்க வந்துட்டீங்க? பல்லு வெளக்கணும்னா தோட்டத்துக் குழாயத் தொறந்து விடறேன், வீட்டுக்கார அம்மா ஊருல இல்ல. போர்வை இன்னொண்ணு வேணும்னாலும் சொல்லுங்க, ராத்திரி குளிரும்.”

சபினோ ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் காது மடல்கள் சிவந்துபோயிருந்தன.

பாஸ்குவாலா தன் கைக்கு அடியிலிருந்த தலையணையைப் பார்த்தாள். சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த கம்பளியைப் பார்த்தாள். கொக்கியில் தொங்கிய ஒற்றைச் சட்டை நன்றாக உலர்ந்திருந்தது. காலையில் ஏறியபோது, பிள்ளை வண்டியை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள்.

கோபம் போன இடம் தெரியவில்லை. காலையிலிருந்து அவனைக் குத்திக் குத்திப் பேசியதுதான் உறுத்தியது.

அவள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். வறுத்த இறைச்சி வாசனை வண்டிக்குள் பரவியது.

அப்போதுதான் காவலாளிக்குப் பின்சீட்டில் ஆள் இருப்பது தெரிந்தது. சட்டென்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரடி பின்னால் போனான்.

பாஸ்குவாலா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். கையை நீட்டிக் கதவைத் திறந்துவிட்டாள்.

“நான் இவன் அம்மா. தூறல்ல ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க, சாப்பிடலாம். வீடு கொஞ்சம் சின்னதுதான்.”